தேம்ஸ் ஆற்றுக் கடற்காகங்கள் ஒரு நாள் இறங்குகின்றன, ஒரு நாள் நில்லாமல் போகின்றன: காரணம் என்ன?

பாலத்துப்பயணி
செவ்வாய், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். நான் ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கிறேன். வேலைக்காகக் காலை 7.45 மணியளவில் லண்டன் பாலத்தை நடந்தே கடப்பது வழக்கம். இரண்டு குளிர்காலங்களாக, அந்த நேரத்தில் பாலத்தின் மேலாகப் பறந்து செல்லும் கடற்காகங்களைக் கவனித்து வருகிறேன். அவை பத்தும் இருபதுமாக வரிசை கட்டி, கைப்பிடிச் சுவரைவிடச் சற்றே உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஆற்றை ஒட்டியே செல்கின்றன. பெரும்பாலும் சிவந்த அலகும் சிவந்த காலும் கொண்ட சிறிய வகை. கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்தாற்போல ஒரு கரும்புள்ளி இருக்கும்.

என் ஐயம் இதுதான். தை அமாவாசைக்கு மறுநாள் இதே நேரத்தில் தென்கரைச் சேற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் இறங்கி இரை தேடிக்கொண்டிருந்தன. இன்று காலை ஒரு பறவைகூட இறங்கவில்லை. வந்தவை எல்லாம் நில்லாமல் மேற்கே போய்விட்டன. இரண்டு நாளும் குளிர் ஏறக்குறைய ஒன்றுதான், காற்றும் பெரிதாக இல்லை. பின் எதனால் இந்த வேறுபாடு? இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தொடர்பாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமாவாசையன்று என் மனைவி பின்கட்டுச் சுவரில் காகத்துக்குச் சோறு வைத்தார். காகம் வருவதற்கு முன்பே ஒரு கடற்காகம் வந்து இறங்கி, எள்ளும் தயிரும் கலந்த அந்தச் சோற்றை நாலே வாயில் முடித்துவிட்டது. முன்னோருக்கு வைத்ததை வேறு பறவை உண்டுவிட்டதே என்று அவர் வருந்தினார். பெயரிலேயே காகம் இருக்கிறது என்று அம்மா தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அவர் மனம் ஆறியது. அன்று முதல் இந்தப் பறவைகளின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று அறிந்துகொள்ளும் ஆவல் எனக்குக் கூடியிருக்கிறது.

ஏரிக்கரையான்
செவ்வாய், இரவு 10.25

தம்பி, நல்ல கேள்வி. நான் வடகிழக்கு லண்டனிலுள்ள சிங்ஃபோர்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறேன். நீங்கள் காலையில் காணும் பறவைகளை நான் மாலையில் காண்கிறேன் என்று சொன்னால் மிகையாகாது.

கடற்காகம் நிலத்தில் உறங்க விரும்பாது. நரி எட்ட முடியாத, நாலாபுறமும் திறந்த நீர்ப்பரப்பே அதற்குப் பாதுகாப்பு. ஆற்றிலும் நீர் இருக்கிறதே என்றால், கடலோதம் ஏறி இறங்கும் ஆற்றில் உறங்கும் பறவையை நீரோட்டம் இழுத்துச் சென்றுவிடும். அதனால் லண்டனில் இவை குடிநீருக்காகக் கட்டப்பட்ட பெரிய நீர்த்தேக்கங்களில் அடைகின்றன. லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டுக்கு அருகே இரண்டு உள்ளன: 1913-இல் திறக்கப்பட்ட ஐந்தாம் ஜார்ஜ் நீர்த்தேக்கம், 1951-இல் முடிக்கப்பட்ட வில்லியம் கிர்லிங் நீர்த்தேக்கம். மேற்கு லண்டனில் ஸ்டெயின்ஸ் நீர்த்தேக்கங்களும், 1925-இல் திறக்கப்பட்ட குயின் மேரி நீர்த்தேக்கமும் இதே பணியைச் செய்கின்றன. இவையெல்லாம் கட்டப்படுவதற்கு முன், பகலில் நகருக்குள் வந்த கடற்காகங்கள் இரவுக்குக் கழிமுகம் வரை திரும்பிப் பறக்க வேண்டியிருந்தது. மனிதன் தன் தாகத்துக்குக் கட்டிய ஏரி, பறவையின் பயணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

மேன்ஸ்ஃபீல்டு பூங்காவின் மேட்டில் நின்றால் இரண்டு நீர்த்தேக்கங்களும் கீழே தெரியும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தெற்கிலிருந்து வரிசை வரிசையாக வரத் தொடங்கும். இருட்டும்வரை அந்த வரவு நிற்காது. காலையில் விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடும். இவற்றுள் ஒரு பகுதி லீ ஆற்றின் வழியே தெற்கே இறங்கி, அது தேம்ஸில் கலக்கும் இடத்தில் கிழக்காகவும் மேற்காகவும் பிரிகிறது. உங்கள் பாலத்தைக் கடப்பவை அந்த மேற்குப் பிரிவாக இருக்கலாம். கழிமுகத்தில் இரவைக் கழித்துவிட்டு ஆற்றோடு மேலேறி வருபவையும் கலந்திருக்கலாம்.

இறங்கியதும் இறங்காததும் ஆற்றில் படகு நடமாட்டத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். பெரிய படகு அடிக்கடி போனால் அலை வந்து பறவையைக் கலைத்துவிடும்.

வெண்சிறகு
புதன், காலை 7.40

ஐயா சொன்ன படகுக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சூழலியல் படிக்கும் மாணவி. வாரத்தில் இரண்டு நாள் ஆற்றங்கரையில் கணக்கெடுக்கிறேன். கருந்தலைக் கடற்காகம் படகுக்கு அஞ்சும் பறவை அன்று. படகு கிளப்பும் நீரில் ஏதாவது மேலே வருமா என்று பின்தொடர்ந்தே பறக்கும்.

அண்ணா விவரித்த சிறிய பறவை அதுவேதான். கோடையில் தலை முழுவதும் கரும்பழுப்பாக இருக்கும்; குளிர்காலத்தில் அந்த நிறம் உதிர்ந்து கண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் எஞ்சும். இங்கே குளிர்காலத்தைக் கழிப்பவற்றுள் பல பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்தும் போலந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்தும் வருபவை என்பது கால்வளையங்களால் தெரிந்த செய்தி. ஆண்டுதோறும் அதே பூங்காவுக்கு, அதே குளத்துக்குத் திரும்பும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆகவே நேற்று பாலத்தைக் கடந்து போனவை போக்கிடம் தெரியாமல் அலைந்தவை என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று சில இடங்கள் இருக்கும். ஒன்று பயன்படாத நாளில் மற்றொன்றுக்குச் செல்கிறது.

அவை எல்லாம் ஆற்றையே வழியாகக் கொள்கின்றன என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆற்றின் மேல் பறப்பவை நம் கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான். தெருக்களுக்கு மேலே மிக உயரத்தில் நேர்க்கோட்டில் குறுக்கே செல்லும் கூட்டங்களை நாம் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். தேம்ஸ் வளைந்து வளைந்து ஓடுவது. பறவைக்கு அவசரம் இருந்தால் அத்தனை வளைவுகளையும் சுற்றிவர வேண்டிய தேவை இல்லை. ஆற்றோடு தாழப் பறக்கும் பறவை, வழியில் இரையையும் பார்த்துக்கொண்டே போகும் பறவை என்பது என் கணிப்பு.

படகுத்துறை
புதன், பகல் 1.15

ஆற்றுப் பயணப் படகில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பறவையைப் பார்க்குமுன் ஆற்றைப் பாருங்கள். டெடிங்டன் மதகு வரை தேம்ஸ் ஓதம் ஏறும் ஆறு. லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அந்த ஏற்ற இறக்கம் 7 மீட்டரை நெருங்கும். இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் முழுவதும் ஏறியிருக்கும் நேரத்தில் கரையில் சேறே இருக்காது. சுவரிலிருந்து சுவர் வரை நீர்தான். சேறு இல்லையென்றால் பறவை எங்கே இறங்கும்?

நேற்று காலை அண்ணா பாலத்தைக் கடந்தபோது ஆறு ஏறக்குறைய நிறைந்திருந்தது. துறையிலிருந்து எங்கள் படகுக்கு இறங்கும் சாய்பாலம் கிட்டத்தட்ட மட்டமாகக் கிடந்தது. அமாவாசைக்கு மறுநாள் அதே நேரத்தில் அந்தச் சாய்பாலம் செங்குத்துப் படிக்கட்டுபோல இருந்தது. முதியவர் ஒருவரைக் கைபிடித்து இறக்கியது நினைவிருக்கிறது. அன்று நீர் வற்றி, சேறு முழுவதும் வெளியே கிடந்தது.

ஏரிக்கரையான்
புதன், மாலை 6.30

படகுத்துறை அக்கா சொன்ன பிறகு என் காரணம் நிற்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். நான் முப்பது ஆண்டுகளாகப் பறவை அடையும் இடத்தையே பார்த்திருக்கிறேன். அங்கே சூரியன்தான் கடிகாரம். ஆற்றுக்கு வேறு கடிகாரம் இருப்பதை நான் மறந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதை வற்று, பெருக்கு என்போம். களங்கண்டி வலை போட்ட என் பெரியப்பா பிறையைப் பார்த்துத்தான் கடலுக்கு இறங்குவார். ஆனால் எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வராது. இங்கே அது 7 மீட்டர் என்பதால் பறவையின் வாழ்வில் அதன் பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

பாலத்துப்பயணி
புதன், இரவு 8.50

அனைவருக்கும் நன்றி. அக்காவின் பதிலைப் படித்ததும் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைப் போய்ப் பார்த்தேன். ஊரிலிருந்து ஆண்டுதோறும் வரவழைக்கும் தினசரி கிழிப்பு நாள்காட்டி அது. சேறு வெளியே கிடந்த நாள் அமாவாசைக்கு மறுநாள், பிரதமை. ஒரு பறவையும் இறங்காத நேற்று நவமி. சென்ற ஆண்டு நான் குறிப்பேட்டில் எழுதி வைத்த நாள்களையும் பழைய நாள்காட்டிக் கணக்கோடு ஒப்பிட்டேன். பறவைகள் நிறைய இறங்கியிருந்தன என்று எழுதிய ஆறு நாள்களில் ஐந்து, அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மூன்று நாள்களுக்குள் வருகின்றன.

இது தற்செயலா? வற்று நேரம் நாள்தோறும் மாறும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அமாவாசைதோறும் காலை நேரத்திலேயே வற்று வருவது எப்படி?

படகுத்துறை
வியாழன், காலை 6.05

தற்செயல் இல்லை. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்று புரிந்துவிட்டால் கடற்காகத்தின் நாள் முழுவதும் புரிந்துவிடும்.

ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே வற்று நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது. பதினைந்து நாளில் அது பாதி நாளைக் கடந்துவிடும். ஒரு நாளில் இரண்டு வற்று உண்டு என்பதால், பாதி நாள் தள்ளிப்போன பிறகு பழைய இரவு வற்று இருந்த இடத்துக்குக் காலை வற்றும், காலை வற்று இருந்த இடத்துக்கு இரவு வற்றும் வந்து சேர்கின்றன. அதாவது பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே மணிக்கு அதே நீர்மட்டம். நிலவின் பிறையும் அதே பதினைந்து நாளில்தான் அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்குப் போகிறது. அதனால் ஓர் ஊரில் அமாவாசைக்கு வற்று எந்த மணிக்கோ, ஏறக்குறைய அதே மணிக்குத்தான் பௌர்ணமிக்கும் வற்று.

அந்த மணி ஊருக்கு ஊர் வேறுபடும். லண்டன் பாலத்துக்கு அது காலை எட்டரை, ஒன்பது மணி. பெருக்கு பிற்பகல் இரண்டு, மூன்று மணி. அஷ்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் இது தலைகீழாகிவிடும்: காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பெருக்கு, பிற்பகலில் வற்று. அந்த நாள்களில் ஏற்ற இறக்கத்தின் அளவும் குறைவு. வற்றினாலும் சேறு முழுவதும் வெளிப்படாது.

கழிமுகத்தில் சௌத்தெண்டில் பெருக்கு வந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அது லண்டன் பாலத்துக்கு வந்து சேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே சேறு ஆறு முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு பகுதியில் நீர் ஏறத் தொடங்கும்போது மேலே இன்னொரு பகுதியில் வற்றிக்கொண்டிருக்கும். பறவை அதைத் தொடர்ந்து மேலேறுவதை நான் படகிலிருந்து பல முறை கண்டிருக்கிறேன்.

மழையும் வடகடல் காற்றும் இந்தக் கணக்கைச் சற்று முன்பின்னாகத் தள்ளும். நாள்காட்டியை மட்டும் நம்பி யாரும் சேற்றில் இறங்க வேண்டாம். துறைமுக நிருவாகம் வெளியிடும் நேர அட்டவணையைப் பாருங்கள். பறவை பார்க்க நாள்காட்டி போதும்.

வெண்சிறகு
வியாழன், காலை 11.20

அக்கா, இவ்வளவு தெளிவாக இதை யாரும் எனக்கு விளக்கியதில்லை. என் கணக்கெடுப்புத் தாள்களில் ஒரு குழப்பம் இருந்தது. சில வாரங்களில் மாலைப் பறவைகள் மூன்று மணிக்கே ஆற்றைவிட்டு எழுந்துவிடும். சில வாரங்களில் இருட்டும்வரை இருக்கும். இப்போது காரணம் தெரிகிறது. பௌர்ணமி வாரத்தில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு ஆறு நிறைந்துவிடுகிறது. உண்ண இடம் இல்லாததால் முன்னதாகவே எழுந்து திடல்களுக்குப் போகின்றன. அஷ்டமி வாரத்தில் பிற்பகலில்தான் சேறு திறக்கிறது. கடைசி வெளிச்சம்வரை இருந்து உண்கின்றன. சூரியன் சொல்லும் நேரத்துக்குள் நிலா சொல்லும் நேரத்தைப் பொருத்திக்கொள்வதுதான் குளிர்காலத்தில் இவற்றின் முழு வேலை. டிசம்பர் இறுதியில் லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் பகல் வெளிச்சம். அதற்குள் வற்று வரும் நேரம் சரியாக அமையாவிட்டால் வேறு வழி தேட வேண்டும்.

அந்த வேறு வழி பெரும்பாலும் புல்திடல். ஈஸ்ட்ஹாமிலிருந்து சற்றே வடக்கில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் இருக்கிறது அல்லவா, அண்ணா? ஆறு நிறைந்திருக்கும் காலையில் அந்தக் கால்பந்துத் திடல்களுக்குச் சென்று பாருங்கள். கடற்காகம் ஓரிடத்தில் நின்று, முன்னும் பின்னும் நகராமல் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தரையில் வேகமாகத் தட்டும். சில விநாடி தட்டியபின் தலையைச் சாய்த்துக் கீழே உற்றுப் பார்க்கும். மண்ணின் அதிர்வுக்கு மண்புழு மேலே வரும். உடனே கொத்தி இழுக்கும். மழை பெய்த மறுநாள் இது நன்றாக நடக்கும். தரை உறைந்துவிட்டால் நடக்காது. பனி உறைந்த காலையும் ஆற்றுப் பெருக்கும் ஒன்றாக வந்துவிட்டால் அந்தப் பறவைக்கு அது கடினமான நாள்.

ஈரிப்பாக்கம்
வியாழன், இரவு 9.35

இழையை இன்றுதான் பார்த்தேன். ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். ஏனென்றால் இதுவரை பேசியது சிறிய கடற்காகத்தைப் பற்றியே. பெரிய வகைகளின் நாள் வேறு விதமாக அமைகிறது.

நான் ஈரித்தில் இருக்கிறேன். இங்குள்ள நீண்ட நடைமேடையின் முனையில் நின்றால் ஆற்றின் நடுவுக்கே வந்துவிட்டதுபோல இருக்கும். ஹெர்ரிங் கடற்காகம், சிறிய கருமுதுகுக் கடற்காகம், பெரிய கருமுதுகுக் கடற்காகம் மூன்றையும் இங்கே ஒரே பார்வையில் காணலாம். இவற்றின் பயணத்தைப் பல பத்தாண்டுகளாகத் தீர்மானித்தது சேறு அன்று, குப்பை. லண்டனின் குப்பை சரக்குப் படகுகளில் ஏற்றப்பட்டு, ஆற்றோடு எசெக்ஸ் கரையிலுள்ள மக்கிங் குப்பைமேட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கடற்காகங்களுக்கு அந்தக் குப்பைமேடு அன்றாடச் சந்தை. அது மூடப்பட்டு, மண்ணிட்டு, புல் வளர்க்கப்பட்டு, 2013-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இப்போது குப்பை மூடிய பெட்டிகளில் படகேறி, எங்கள் பக்கத்து ஊரான பெல்வெடெரில் உள்ள எரியுலைக்குப் போகிறது. படகு இன்றும் அதே ஆற்றில்தான் போகிறது. ஆனால் பறவைக்கு அதில் ஒரு பருக்கையும் கிடைப்பதில்லை.

எஞ்சிய குப்பைமேடுகளுக்கும், பெக்டன், கிராஸ்னெஸ் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் ஆற்றில் கலக்கும் இடங்களுக்கும், ஊருக்குள்ளும் அவை பரவிவிட்டன. கடற்காகம் ஊருக்குள் வந்து தொல்லை கொடுக்கிறது என்று குறை சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வது வழக்கம். அவற்றின் சந்தையை மூடியவர்கள் நாம். மூடியது சரியே, ஆனால் பறவை அதற்காக மறைந்துபோகாது.

வட தேம்ஸ் கடற்காகக் குழுவினர் குப்பைமேடுகளில் இவற்றைப் பிடித்து வளையம் இட்டு விடுவிக்கிறார்கள். ஆரஞ்சு நிற வளையத்தில் கறுப்பு எழுத்துகள் இருக்கும். கடைசி எழுத்து ஆங்கில ‘டி’. சென்ற மாதம் நடைமேடைக் கம்பியில் பத்தடி தூரத்தில் ஒரு ஹெர்ரிங் கடற்காகம் நின்றது. இளஞ்சிவப்புக் காலில் அந்த ஆரஞ்சு வளையம், விளிம்பில் காய்ந்த சேறு. முதல் மூன்று எழுத்துகளைச் சேறு மறைத்திருந்தது. காலை மாற்றி வைக்கும் என்று இருபது நிமிடம் காத்திருந்தேன். அது அந்தக் காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு ஒற்றைக்காலில் உறங்கிவிட்டது. எழுத்துகள் முழுவதும் தெரிந்திருந்தால், குழுவுக்கு எழுதி, அது எங்கே, எப்போது பிடிக்கப்பட்டது, இடையில் எங்கெல்லாம் காணப்பட்டது என்பதை அறிந்திருக்கலாம். உங்களில் யார் வளையத்தைக் கண்டாலும் தவறாமல் தெரிவியுங்கள். இந்த இழையில் நாம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் அப்படித்தான் கிடைத்திருக்கின்றன.

கோடியக்கரையான்
வெள்ளி, காலை 5.15

வேதாரண்யம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். குளிர்காலத்தில் எங்கள் உப்பளங்களுக்கும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வருகின்றன. அவை லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் குறைவு என்பதால், நாங்கள் காணும் அன்றாட நடமாட்டம் வற்றைவிட மீன்பிடிப் படகுகளையே பின்பற்றுகிறது. படகு கரையேறி வலை உதறும் நேரம் அவற்றுக்குத் தெரியும். படகுகள் கடலுக்குப் போகாத நாளில் கரையில் கூட்டம் குறைந்துவிடும். உங்கள் ஊரில் மனிதனின் நேரத்தை அவை அவ்வாறு அறிந்து வைத்திருக்கின்றனவா?

வெண்சிறகு
வெள்ளி, பகல் 12.50

அறிந்து வைத்திருக்கின்றன, ஐயா. இதற்கு நல்ல சான்று பிரிஸ்டல் நகரிலிருந்து கிடைத்திருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்னிரண்டு சிறிய கருமுதுகுக் கடற்காகங்களின் முதுகில் இடங்காட்டிக் கருவியைப் பொருத்தி, அவற்றின் போக்குவரத்தைப் பதிவுசெய்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளியில் இடைவேளையும் மதிய உணவு நேரமும் வரும்போது பறவைகள் வந்தன. குப்பை மையத்துக்கு அது திறந்திருக்கும் நேரத்தில் வந்தன. பூங்காவுக்கோ மனிதரைப் பொருட்படுத்தாமல் புழு கிடைக்கும் விடியற்காலையில் வந்தன. மூன்று இடத்துக்கும் மூன்று வேறு நேரங்கள். ஒரே பறவை அவற்றை நினைவில் வைத்து நடந்துகொள்கிறது.

லண்டன் பாலங்களிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1880-களுக்கு முன் நகரின் நடுப்பகுதியில் கடற்காகம் அரிது. அடுத்தடுத்து வந்த கடுங்குளிர் ஆண்டுகளில்தான் அவை கூட்டமாக உள்ளே வந்தன. தேம்ஸில் பனிக்கட்டிகள் மிதந்த 1895 பிப்ரவரியில் பாலங்களிலும் கரைச்சுவர்களிலும் நின்று மக்கள் அவற்றுக்கு ரொட்டியும் சிறு மீனும் போட்டார்கள். பிறகு கடுங்குளிர் இல்லாத ஆண்டுகளிலும் அவை வருவதை நிறுத்தவில்லை. அண்ணாவின் வீட்டுச் சுவரில் சோறு உண்ட பறவை நூற்றாண்டுக்கும் மேலான ஒரு பழக்கத்தின் வழியில் வந்தது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். நாள்தோறும் ரொட்டி போடுவதை மட்டும் நான் ஊக்குவிக்க மாட்டேன்; வயிற்றை நிரப்புமே தவிர அதில் சத்து இல்லை.

ஹெர்ரிங் கடற்காகம் இந்நாட்டில் 2009 முதல், மிகுந்த பாதுகாப்புக் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. 2024-இல் பெரிய கருமுதுகுக் கடற்காகமும் அதில் சேர்ந்துவிட்டது. 2023-இல் பறவைக் காய்ச்சலில் கருந்தலைக் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. நகரில் நிறையப் பார்க்கிறோம் என்பதால் நாடெங்கும் நிறைய இருக்கின்றன என்று எண்ணிவிடுகிறோம். 1953 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை நீர்த்தேக்கங்களில் அடையும் கடற்காகங்களைத் தன்னார்வலர்கள் எண்ணி வருகிறார்கள். அந்தி மங்கலில், நகர்ந்துகொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகளை எண்ணுவது எளிய வேலையன்று. ஏரிக்கரையான் ஐயாவைப் போன்றவர்கள் குளிரில் நின்று எண்ணாவிட்டால் ஏறியதும் இறங்கியதும் யாருக்கும் தெரியாது.

படகுத்துறை
வெள்ளி, இரவு 7.20

ஒரு விதிவிலக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். ரிச்மண்டில் 1894-இல் கட்டப்பட்ட தடுப்பணை ஒன்று உள்ளது. வற்றின்போது அதன் கதவுகளை இறக்கி, அங்கிருந்து டெடிங்டன் வரை நீர் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் அந்தப் பகுதியில் வழக்கமாகச் சேறு அதிகம் திறப்பதில்லை. இலையுதிர்காலத்தில் சில வாரங்கள் மட்டும் பராமரிப்புக்காகக் கதவுகளைத் தூக்கி வைப்பார்கள். அப்போது ட்விக்கன்ஹமில் ஆற்றுப்படுகையே வெளியே தெரியும். ஆண்டு முழுவதும் மூடிக்கிடந்த அந்த மண்ணில் கடற்காகங்கள் வந்து குவிவதைக் காண வேண்டும்.

பாலத்துப்பயணி
ஞாயிறு, பகல் 2.40

இன்று தைப்பூசம், பௌர்ணமி. கோயிலுக்குப் போகும் முன் மகளை அழைத்துக்கொண்டு லண்டன் பாலத்துக்குப் போனேன். காலை 7.30-க்கு அங்கே இருந்தோம். சூரியன் இன்னும் எழவில்லை. நீர் இறங்கிக்கொண்டிருந்தது, தென்கரைச் சுவரடியில் இரண்டு கெஜம் அகலத்துக்குச் சேறு தெரிந்தது. முதல் வரிசை 7.34-க்கு வந்தது, பதினான்கு பறவைகள். அவை போய்விடும் என்றுதான் நினைத்தேன். பாலத்தைத் தாண்டியதும் முதல் பறவை இறக்கையைச் சாய்த்துத் திரும்பியது. பின்னால் வந்தவை ஒவ்வொன்றாக அதே இடத்தில் திரும்பி, சேற்றின் விளிம்பில் இறங்கின.

8.20 வரை எண்ணினோம். மகளின் கணக்கு 131, என் கணக்கு 126. நீர் இறங்க இறங்கப் பறவைகள் நீரின் விளிம்பையொட்டியே நகர்ந்தன. பின்னால் காய்ந்த சேற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. நீர் விலகிய அந்த நொடியில் எதுவோ மேலே நெளிகிறது போலும். ஒரு பறவை கல்லுக்கும் சங்கிலிக்கும் இடையே அலகை விட்டு ஒரு சிறு நண்டை இழுத்தது. நான்கு முறை கீழே போட்டு, நான்கு முறை எடுத்து, அதன் கால்களை உதறிவிட்டு விழுங்கியது. அதற்குள் இன்னொன்று பறிக்க வந்து, கிடைக்காமல் அங்கேயே நின்று கத்தியது.

மகள் ஒன்றைக் காட்டினாள். எல்லாம் வெள்ளைத் தலையாக இருக்க, ஒன்றுக்கு மட்டும் முகம் முழுவதும் கரும்பழுப்பு ஏறியிருந்தது. பிடரியில் சில வெள்ளைத் திட்டுகள் மட்டும் பாக்கி. இதற்குள்ளாகவே ஊர் திரும்ப ஆயத்தமாகிவிட்டதா?

ஏரிக்கரையான்
ஞாயிறு, மாலை 6.45

ஆம், தம்பி. சிலவற்றுக்கு ஜனவரியிலேயே தலை நிறம் மாறத் தொடங்கிவிடும். மார்ச் மாதத்தில் அவை கிழக்கே கிளம்பும்போது எங்கள் நீர்த்தேக்கங்களில் அந்திக் கூட்டம் நாளுக்கு நாள் மெலியும்.

அடுத்த ஞாயிறு அஷ்டமியை ஒட்டி வருகிறது. அக்காவின் கணக்குப்படி ஆற்றில் வற்று பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். பறவைகள் ஆற்றைவிட்டுத் தாமதமாகவே எழும் என்று எதிர்பார்க்கிறேன். நீங்கள் பாலத்தில் நின்று கடைசிக் கூட்டம் எழும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மேன்ஸ்ஃபீல்டு பூங்கா மேட்டில் நின்று, தெற்கிலிருந்து கடைசி வரிசை வரும் நேரத்தைக் குறிக்கிறேன். வெண்சிறகு தங்கை இடையில் லீ ஆற்றங்கரையில் எங்காவது நிற்க முடியுமானால் மூன்று நேரங்களும் கிடைக்கும். மகளையும் அழைத்து வாருங்கள். அவள் கணக்கில்தான் ஐந்து பறவைகள் கூடுதலாக இருக்கின்றன.

வெண்சிறகு
ஞாயிறு, இரவு 8.10

ஹாக்னி மார்ஷஸ் திடலருகே மூன்றரை மணி முதல் நிற்கிறேன், ஐயா. சூரியன் மறைவது ஏறத்தாழ ஐந்து மணிக்கு. தடித்த கையுறை எடுத்து வாருங்கள் என்று அண்ணாவுக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன். பாலத்தில் காற்று கடுமையாக இருக்கும்.